களைப்பையும் கேளுங்கள்: கொழும்பின் மனநலக் கிளினிக்குகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக்குகளை நடத்தும் வைத்தியர்களுக்கும் நிருவாகத்தினருக்கும்,

நான் மருந்தெடுக்கும் கிளினிக்கின் கதவில் புதிதாக ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். காலை 7 மணிக்குப் பிறகு வருபவர்களுக்கு இலக்கம் கிடையாது. அடுத்தடுத்து இரண்டு தவணை வராதவர்களின் பெயர் வெட்டப்படும். அவர்கள் மறுபடியும் ஓ.பி.டி.யில் காட்டி, கடிதம் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். ஒழுங்குக்காகத்தான் இதைச் செய்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு கூட்டம், எத்தனை டொக்டர்மார் என்று நானும் பார்க்கிறேன். ஆனால் இந்த விதி முதலில் யாரை வெளியே தள்ளும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அதை எழுதியிருக்கவே மாட்டார்கள். ஆஸ்பத்திரியின் பெயரை நான் சொல்லவில்லை. வரிசையில் என்னோடு நிற்பவர்களில் வேறு இடங்களில் மருந்தெடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் இதே கதைதான். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். வீடு வெள்ளவத்தையில். மனச்சோர்வுக்கு மருந்தெடுக்கிறேன். சாராயத்தையும் விட்டிருக்கிறேன். விட்டு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

இந்த இரண்டும் ஒன்றாக நடக்கும்போது உடம்பில் இறங்கும் களைப்பைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. வேலை செய்து வரும் களைப்பு படுத்தால் ஆறிவிடும். இது படுத்தாலும் ஆறாது. இரவு முழுக்க அசையாமல் நித்திரை கொண்டுவிட்டு எழும்பினாலும் தலை தலையணையிலேயே கிடப்பது போல இருக்கும். வேலைக்கு வெளிக்கிடுவேன். சட்டையில் இரண்டு பொத்தானைப் போட்டுவிட்டு, மூன்றாவதற்குக் கையைத் தூக்க முடியாமல் கட்டில் விளிம்பில் இருந்துவிடுவேன். மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். அது ஆறி, மேலே ஆடை படிந்த பிறகும் நான் அப்படியே இருப்பேன். அந்த நேரத்தில் அழுகை வராது, குடிக்க வேண்டும் என்ற எண்ணம்கூட வராது. கை எழும்பாது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அம்மா சொன்னார்: "குடிச்சுக்கொண்டு திரிஞ்ச காலத்திலயே இவன் இதைவிட உசாரா இருந்தவன்." அம்மா கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவர் கண்ணால் கண்டது அதுதான். குடித்த காலத்தில் நான் விடிய எழும்பினேன், கடைக்குப் போனேன், சத்தமாகக் கதைத்தேன். விட்ட பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். குடியை விட்டவனுக்கு வீட்டிலிருந்து வரக்கூடிய வார்த்தைகளில் இதைவிடப் பாரமானது எதுவும் இல்லை. அதற்குப் பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை, ஏனென்றால் எனக்கே யாரும் விளக்கியிருக்கவில்லை.

கடையில் வேறு விதம். கண் சிவந்து, நடை தளர்ந்து, கொப்பியில் ஒரே வரியை மறுபடி மறுபடி கூட்டிக்கொண்டு இருக்கிறவனைப் பார்த்தால் முதலாளி என்ன நினைப்பார்? ஒரு நாள் பக்கத்தில் கூப்பிட்டு, மெதுவாக, "தம்பி, திரும்ப ஆரம்பிச்சிட்டீரோ?" என்று கேட்டார். ஒரு சொட்டுத் தொடாமல் இருந்த காலம் அது. மருந்தாலும் நோயாலும் வரும் களைப்பு, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அச்சொட்டாகக் குடிகாரனின் மறுநாள் முகமாகத் தெரிகிறது. இதனால் வேலை போனவர்களை எங்கள் வரிசையிலேயே நான் கண்டிருக்கிறேன்.

சரி, கிளினிக்கில் என்ன நடக்கிறது? என் முறை வந்ததும் மூன்று கேள்விகள். நித்திரை வருதா? சாப்பாடு இறங்குதா? குடிச்சீங்களா? மூன்றுக்கும் நான் சொல்வது நல்ல பதில்தான். உடனே அதே மருந்து, அதே அளவு, அடுத்த மாதத் திகதி. நித்திரை வருகிறதா என்று கேட்கிறவர்கள், எழும்ப முடிகிறதா என்று கேட்டதே இல்லை. பொறுக்க முடியாமல் நானாகவே ஒரு முறை, "பயங்கரக் களைப்பா இருக்கு டொக்டர்" என்றேன். "சும்மா படுத்திருக்காதீங்க, கொஞ்சம் முயற்சி எடுங்க, போகப்போகச் சரியாகும்" என்றார். கொப்பியில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாத முறைப்பாட்டை அடுத்த மாதம் வரும் வேறு டொக்டர் எப்படி அறிவார்?

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் எழுதவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 என்ற நோய் வகைப்பாட்டில், மனச்சோர்வுக்கு அடிப்படையான மூன்று அறிகுறிகளில் ஒன்று சக்தி குறைந்து எளிதில் களைத்துப் போவது. மனம் தாழ்ந்திருப்பதோடும் ஆர்வம் இழப்பதோடும் சமமாக அது நிற்கிறது. மற்ற அறிகுறிகள் விலகிய பிறகும் கடைசிவரை தங்கி நிற்பது பெரும்பாலும் இதுதான் என்பதும் உங்கள் துறைக்குப் பழைய செய்தி. அதோடு, மருந்தின் பலன் வடிவாகத் தெரிய 4 முதல் 6 கிழமை எடுக்கும். மயக்கமும் பாரமும் முதல் குளிசையோடேயே வந்துவிடும். இடையில் இருக்கும் அந்தக் கிழமைகளில்தான் ஆட்கள் மருந்தை விடுகிறார்கள். மிர்ட்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்றவை நித்திரையைக் கூட்டுகிறவை. இரவு பிந்திப் போட்டால் அடுத்த நாள் காலை முழுக்க அவை ஆளை அழுத்தும்.

குடியை விட்டவர்களுக்கு இதன் மேல் இன்னொரு பாரமும் இருக்கிறது. சாராயம் ஆளைச் சுருட்டி விழுத்தும், உண்மைதான். ஆனால் கனவு வரும் நித்திரையைக் குறைக்கும், பின்னிரவு நித்திரையைத் துண்டுதுண்டாக்கும். பல வருடம் குடித்த ஒருவரின் நித்திரை மதுவில்லாமல் பழைய ஒழுங்குக்கு வர மாதக்கணக்கு ஆகலாம். மது உயிர்ச்சத்து பி1ஐ, அதாவது தயமினை, உடம்பு உறிஞ்சுவதையும் கெடுக்கிறது. குடித்த காலத்தில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவும் மாட்டோம். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் நோய், சில மனச்சோர்வு மருந்துகளால் இரத்தத்தில் சோடியம் குறைவது என்று களைப்புக்குப் பின்னால் வேறு காரணங்களும் இருக்கலாம். இவற்றில் பலதை ஓர் ஊசிக்குழாய் இரத்தத்தில் பார்த்துவிடலாம்.

எனக்கு அதைப் பார்த்தவர் ஓர் இளம் டொக்டர். வழமையாக இருப்பவர் லீவில் போன நாளில் அவர் வந்திருந்தார். கொப்பியைப் புரட்டிவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு உங்கட தலை தெளியுது?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் என்னிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்வி அது. பதினொரு மணி ஆகும் என்றேன். இரவு பத்துக்குப் போடும் குளிசையை ஏழரைக்குப் போடச் சொன்னார். இரத்தம் எடுக்கத் துண்டு எழுதினார். ஹீமோகுளோபின் குறைவு என்று வந்தது. இரும்புச்சத்துக் குளிசையும் தயமினும் தந்தார். பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்ரீ வேண்டாம் என்றார். குடியை விட்டவர்கள் வெறுங்கையாக இருக்க முடியாமல் இரவு வரை தேத்தண்ணி குடிப்பது வழக்கம், அதுவும் நித்திரையைக் கெடுக்கும். பகலில் படுத்தால் அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், விடிந்ததும் வெயில் முகத்தில் படட்டும், நடக்க முடிந்த அளவு மட்டும் நடவுங்கள் என்றும் சொன்னார். முதல் கிழமை மரின் டிரைவில் ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்தி வரைதான் என்னால் போக முடிந்தது. பிறகு வெள்ளவத்தை ஸ்டேஷன் வரை. களைப்பு ஓடிப்போய்விடவில்லை. ஆனால் ஒன்பது மணிக்கு என் பெயரை நானே எழுதக்கூடிய ஆளாக வந்தேன். அந்த டொக்டர் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிட ஐந்து நிமிடம் கூட இருக்கும்.

அந்த ஐந்து நிமிடம் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அது தலையெழுத்தைப் பொறுத்த விஷயமாக இருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குடியை விட்ட ஒருவனை மறுபடி போத்தலிடம் கொண்டுபோவது பெரும்பாலும் பெரிய துக்கம் இல்லை. பின்னேரம் ஐந்து மணிக் களைப்புத்தான். புறக்கோட்டையில் கடை பூட்டி, பஸ்ஸுக்கு நடக்கும்போது கால் ஈயம் போல இருக்கும். வழியில் தவறணை திறந்திருக்கும். அந்த நேரத்தில் உடம்புக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வரும்: ஒரு கால் போத்தல் உள்ளே போனால் அரை மணித்தியாலத்தில் ஆள் நிமிர்ந்துவிடுவான். மனம் ஆயிரம் தீர்மானம் எடுத்திருக்கலாம், உடம்பு தனக்குத் தெரிந்த மருந்தைத்தான் கேட்கும். குடியை விட்டவர்களின் கூட்டங்களில் புதியவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் கவனி என்பதுதான். வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்து பழகிய கொட்டாஞ்சேனை அண்ணர் ஒருவர், "ஏலாதடா தம்பி, ஒருக்கா நிமிர்ந்து நிண்டா காணும் எண்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவர் வருவதில்லை. அவரை யாராவது தொலைபேசியில் கூப்பிட்டார்களா என்று எழுதுவினைஞரிடம் கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார். புதிய விதிப்படி அவருடைய பெயர் இந்நேரம் வெட்டப்பட்டிருக்கும்.

இப்போது அந்த 7 மணி விஷயத்துக்கு வருகிறேன். 7 மணிக்கு முன் இலக்கம் எடுக்க வேண்டுமென்றால் 6 மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும். மட்டக்குளியிலிருந்தோ இரத்மலானையிலிருந்தோ இரண்டு பஸ் மாறி வருகிறவர் நாலரைக்கு எழும்ப வேண்டும். நித்திரையைக் கூட்டும் மருந்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மருந்து ஆளைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் வந்து நில் என்கிறீர்கள். எவருக்குக் களைப்புக் குறைவோ அவர் இலக்கம் எடுப்பார். எவருக்கு நோய் கடுமையோ அவர் வீட்டில் கிடப்பார், பிறகு தவணை தவறியவர் என்று கணக்கில் விழுவார். பல நோய்களுக்குக் காலை வரிசை ஒரு கஷ்டம் மட்டும்தான். எங்களுக்கு அது சிகிச்சையின் கதவையே பூட்டுகிறது.

வேலைக் கணக்கையும் பாருங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி எங்களைப் போன்றவர்களுக்கு நோய்க்கும் சொந்த அலுவலுக்கும் சேர்த்து வருடத்துக்கு 7 நாள்தான். மாதத்துக்கு ஒரு கிளினிக் என்றால் வருடத்துக்கு 12 காலை. மீதியை வருடாந்த லீவில் பிய்த்து எடுக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கு வேறு லீவு இல்லை. விடிய இலக்கம் எடுத்தாலும் மருந்து கையில் கிடைக்கப் பகல் ஒரு மணி ஆகிறது; நாட்கூலிக்காரருக்கு அன்றைய சாப்பாடு போயிற்று.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடைந்த கையை எக்ஸ்றேயில் காட்டலாம். களைப்பை வாயால்தான் காட்ட வேண்டும். புறக்கோட்டையில் வியாபாரம் பேச எனக்கிருக்கும் சிங்களம் தாராளமாகப் போதும். ஆனால் விடியற்காலை என் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அது போதாது. மட்டக்குளியிலிருந்து வரும் ஓர் அக்காவுக்குப் பள்ளிக்கூடச் சீருடையில் அவருடைய மகன்தான் மொழிபெயர்க்கிறான். "அம்மாவுக்கு நித்திரை நல்லா வருதாம்" என்று சிங்களத்தில் சொல்கிறான். அந்த அக்கா தமிழில் சொன்னது, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கக்கூட எழும்ப முடியவில்லை என்று. பிள்ளை அதை எப்படிச் சொல்வான்? அவனைப் பற்றியல்லவா அது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அது கொழும்பு கிளினிக் அறைக்குள்ளும் வர வேண்டும். மருந்து உறையில் எழுதுவதும் சிங்களத்தில் மட்டும்தான். இந்தக் குளிசை போட்டுவிட்டு வாகனம் ஓட்டாதே என்று தமிழில் ஒரு வரி இல்லை. எங்கள் வரிசையில் ஓட்டோ ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதை வாசிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சொல்: களைப்பு என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைச்சுற்றும் பதற்றமும் வரும், நோயும் திரும்பும். தினமும் குடிக்கிறவர்கள் டொக்டரிடம் காட்டாமல் ஒரேயடியாகக் குடியை நிறுத்தவும் வேண்டாம், வலிப்புகூட வரலாம். உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவிச் சேவை.

உங்களிடம் கேட்பவை இவை.

முதலாவது, மனநலக் கிளினிக்குகளில் 7 மணி விதியை எடுத்துவிடுங்கள். நேரம் குறித்த தவணை கொடுங்கள்: ஒருவருக்கு எட்டு மணி, இன்னொருவருக்குப் பத்தரை. காலையில் மருந்து தெளியாதவர் என்று கொப்பியில் குறித்தவர்களுக்குப் பிந்திய நேரம் கொடுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமையோ ஒரு பின்னேரமோ கிளினிக் வைக்க முடியுமா என்று பாருங்கள். நிலைமை சீராக உள்ளவர்களுக்கு, பாதுகாப்பு என்று டொக்டர் முடிவு செய்தால், இரண்டு மாத மருந்தை ஒரே தடவையில் கொடுங்கள்.

தவணை தவறியவரின் பெயரை வெட்டுவதற்கு முன் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க வேண்டும். இலக்கம் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. வராமல் போவது எங்கள் நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

ஒவ்வொரு தவணையிலும் களைப்பைக் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தலை தெளிகிறது, பகலில் எங்கே நித்திரை தூங்கி விழுகிறார், வேலையில் என்ன ஆகிறது. மருந்து தொடங்கும்போதும், களைப்பு விடாமல் நிற்கும்போதும், தேவையான இரத்தப் பரிசோதனைகளை எழுதுங்கள். குடியை விட்டு வருகிறவருக்கு முதல் நாளே சொல்லுங்கள்: சில மாதம் இப்படித்தான் இருக்கும், இது உன் சோம்பல் இல்லை, இந்த நேரத்தில்தான் தவறணை கூப்பிடும் என்று. கூட வந்த மனைவியையோ அம்மாவையோ உள்ளே கூப்பிட்டு அதையே ஒரு முறை அவர்களுக்கும் சொல்லுங்கள். எங்கள் வாயால் சொன்னால் சாட்டுப் போல இருக்கும், உங்கள் வாயால் வந்தால் நம்புவார்கள். வேலைத்தளத்துக்குக் காட்ட, நோயின் பெயர் போடாமல், இவர் எடுக்கும் மருந்தால் களைப்பு ஏற்படும் என்று மட்டும் சொல்லும் ஒரு கடிதம் கேட்டால் மறுக்காதீர்கள்.

கடைசியாக, ஒவ்வொரு கிளினிக் நாளிலும் தமிழ் தெரிந்த ஒரு தாதியோ உத்தியோகத்தரோ அறைக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கும் வழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். மருந்து உறையில் அளவும் எச்சரிக்கையும் தமிழிலும் எழுதப்பட வேண்டும். கதவில் ஒட்டும் அறிவித்தல்களும் அப்படியே.

நேரம் குறித்த தவணைக்கும் ஆள் சேர்ப்புக்கும் காலம் எடுக்கும் என்று எனக்கு விளங்குகிறது. கதவில் இருக்கும் அந்தத் தாளை எடுக்கவும், பெயர் வெட்டப்பட்டவர்களுக்கு அழைப்பு எடுக்கவும் காலம் எடுக்காது. அந்த இரண்டையும் அடுத்த கிளினிக் நாளுக்கு முன் செய்யுங்கள். கொட்டாஞ்சேனை அண்ணரின் பெயரிலிருந்து தொடங்குங்கள்; கேட்டால் அவருடைய கிளினிக் இலக்கத்தை நான் நேரில் வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கிளினிக்கில் மருந்தெடுக்கும் ஒருவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.